இழுத்துக் கட்டிய பட்டன்: எக்ஸ்கோடின் ஒரு வசதி குறித்த மதிப்பீடு

ஐஃபோன் செயலி எழுதக் கற்பவர்கள் பலரும் ஆரம்பப் பாடத்திலேயே செய்யும் வேலை ஒன்று உண்டு. ஆப்பிளின் நிரலெழுதும் கருவியான எக்ஸ்கோடில் திரையின் படத்தையும் நிரலையும் அருகருகே திறந்துகொள்ள வேண்டும். கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி, பட்டனிலிருந்து நிரல் பக்கத்துக்கு மவுஸால் ஒரு கோடு இழுக்க வேண்டும். எக்ஸ்கோடு ஒரு பெயர் கேட்கும். கொடுத்தால் வெற்றுச் செயற்கூறு ஒன்று அங்கே முளைக்கும். அதற்குள் எழுதுவதெல்லாம் பட்டனைத் தொட்டதும் ஓடும். 1980களின் பிற்பகுதியில் நெக்ஸ்ட் கணினிக்காக ழான்-மரி ஹுல்லோ உருவாக்கிய இன்டர்ஃபேஸ் பில்டரின் வழியில் வந்த வசதி இது. 2011இல் ஐஓஎஸ் 5 கொண்டுவந்த ஸ்டோரிபோர்டு, பல திரைகளை ஒரே கோப்பில் அடுக்கி இதை இன்னும் விரித்தது.

இதை எடைபோடப் பெங்களூர் பொருத்தமான இடம். செயலி எழுதுவோருக்கான பயிற்சி மையம் ஒன்றை அங்கே அமைப்பதாக ஆப்பிள் 2016 மே மாதம் அறிவித்து, 2017இல் திறந்தது. ஆனால் காரணம் அது மட்டுமல்ல. அந்த ஊரின் அலுவலகங்களில் ஒருவர் திரையை வடிவமைப்பார், இன்னொருவர் நிரல் எழுதுவார், மூன்றாமவர் சோதிப்பார். சில ஆண்டுகளில் மூவருமே வேறு நிறுவனத்துக்குப் போயிருக்கலாம். செயலி மட்டும் கைமாறிக்கொண்டிருக்கும். எனவே பட்டனையும் நிரலையும் சேர்க்கும் இணைப்பை எவ்வளவு எளிதாகப் போடலாம் என்பதைவிட, அதைப் போட்டவர் போன பிறகு வருபவர் பயமின்றி மாற்ற முடியுமா என்பதே இங்கு உரைகல்.

முதலில் நிறைகள். தொடுதல் என்ற நிகழ்வும் அதற்குப் பதிலான செயலும் எப்படிச் சேர்கின்றன என்பதைப் புதியவருக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம். நிரலின் ஓரத்தில் உள்ள சிறு வட்டம் நிறைந்திருந்தால் இணைப்பு உண்டு, வெறுமையாக இருந்தால் இல்லை. வடிவமைப்பாளரும் நிரலைத் தொடாமலே திரையைத் திறந்து பார்க்கலாம். தனி ஆள் எழுதும் நாலைந்து திரைச் செயலிக்கு இது தாராளம்.

குறை, இணைப்பு குடியிருக்கும் இடத்தில் இருக்கிறது. ஸ்டோரிபோர்டு என்பது உள்ளே ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. கோடு இழுத்ததும் செயற்கூறின் பெயர் அதில் வெறும் எழுத்துச் சரமாகப் பதிகிறது. அப்பெயரில் நிரலில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா என்று, நிரலைச் செயலியாக மாற்றும் கம்பைலர் தடுத்து நிறுத்திக் கேட்பதில்லை. எக்ஸ்கோடின் பெயர்மாற்றக் கருவியைப் பயன்படுத்தினால் இரண்டு இடமும் சேர்ந்து மாறும். நிரலில் மட்டும் கையால் மாற்றினால் பழைய பெயர் கோப்பில் தங்கிவிடும். செயலி பிழையின்றி உருவாகும், திறக்கும். பயனர் பட்டனைத் தொட்ட கணத்தில்தான் விழும். இதைவிடத் தந்திரமானது நகலெடுத்தல். ‘பணம் கட்டு’ பட்டனை நகலெடுத்து ‘ரத்து செய்’ என்று எழுத்தை மாற்றினால், பழைய இணைப்பும் கூடவே வரும். புதிய இணைப்பையும் சேர்த்துவிட்டால் ஒரே தொடுதலில் இரண்டும் ஓடும். நிரலை வரிவரியாகப் படிப்பவர் கண்ணுக்கு இது படாது. இருவர் ஒரே ஸ்டோரிபோர்டைத் திருத்தினால், பலரின் நிரல் மாற்றங்களை ஒன்றுசேர்க்கும் ‘கிட்’ கருவியில் எழும் மோதலை எக்ஸ்எம்எல் வரிகளுக்குள் தேடித் தீர்ப்பது தனி வேதனை.

இது ஆப்பிளின் நோய் மட்டுமல்ல. ஆண்ட்ராய்டிலும் திரைக் கோப்பில் ‘ஆன்கிளிக்’ என்று செயற்கூறின் பெயரை எழுதிவிடும் வழி உண்டு. பெயர் பொருந்தாவிட்டால் அங்கேயும் தொடும்போதுதான் செயலி விழும். வெளியீட்டுக்காக நிரலைச் சுருக்கும் கருவி, யாரும் அழைக்காததுபோல் தெரியும் அந்தச் செயற்கூறை நீக்கிவிடாதிருக்கத் தனி விதியே எழுதிவைக்க வேண்டியிருந்தது. பின்னர் கூகுளின் ஆவணமே இவ்வழியைக் கைவிடச் சொன்னது.

கோப்பை விட்டு நிரலிலேயே இணைத்தாலும் மறதி வராதா என்று கேட்கலாம். வரும். ஆனால் இல்லாத பெயரைச் சுட்டும் தவறை நிரலில் கம்பைலரே பிடித்துவிடும் வழியை 2016இல் ஆப்பிளின் நிரல்மொழியான ஸ்விஃப்ட் 2.2 தந்தது. திரையை நிரலிலேயே எழுதும் கருவிகளான, 2019இல் வந்த ஆப்பிளின் ஸ்விஃப்ட்யுஐ, 2021இல் முதல் நிலைப் பதிப்பு கண்ட ஆண்ட்ராய்டின் ஜெட்பேக் கம்போஸ் இரண்டும் இன்னொரு படி போயின: செயலைச் சொல்லாமல் பட்டனை எழுதவே விடுவதில்லை. வெற்றுச் செயலைக் கொடுத்து ஏமாற்றலாம்தான். அதுவும் நிரலைச் சரிபார்ப்பவர் கண்முன்னே இருக்கும்.

அப்படியானால் குற்றவாளி படமா? இல்லை. கூகுளில் 2010இல் அறிமுகமாகி எம்ஐடிக்குச் சென்ற ஆப் இன்வென்ட்டரைப் பாருங்கள். முழுக்கப் படக் கட்டைகளால் ஆன கருவி. அதில் பட்டனின் பெயரை மாற்றினால் கட்டையிலும் மாறும். பட்டனை நீக்கினால் அதன் கட்டைகளும் போகும். படமும் செயலும் ஒரே கணக்கில் இருப்பதால் இணைப்பு அறுந்து தொங்குவதில்லை. ஸ்விஃப்ட்யுஐயிலும் திரையின் முன்னோட்டம் உண்டு. அங்கே படம் நிரலிலிருந்தே பிறக்கிறது. ஆக, பிழை வரைவதில் இல்லை. ஒரே உண்மையை இரண்டு கோப்புகளில் எழுதி, அவை ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் பொறுப்பை மனிதனிடம் விட்டதில் இருக்கிறது.

தீர்ப்பு இது. வகுப்பறைக்கும் தனியாள் முயற்சிக்கும் கோடு இழுக்கும் வழி நல்லதே. பலர் கைபட்டுப் பல ஆண்டுகள் வாழப்போகும் புதிய செயலிக்கு அது வேண்டாம். இணைப்பு கம்பைலர் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஸ்டோரிபோர்டுச் செயலியை இதற்காக மொத்தமாக மாற்றி எழுதுவது வீண்செலவு. பெரிய கோப்பைத் திரைவாரியாகப் பிரித்து, முக்கியமான ஒவ்வொரு பட்டனையும் தானாகவே தொட்டுப் பார்க்கும் சோதனையை வெளியீட்டுக்கு முன் ஓடவிட்டால் போதும். அந்தச் சோதனைக்கு நேரம் இல்லை என்று சொல்லும் குழு, ஸ்டோரிபோர்டை வைத்துக்கொள்ளும் தகுதியை இழந்துவிட்டது.