தன்வினையும் பிறவினையும்: தமிழக வேளாண் விரிவாக்கத்தின் சொற்களும் ஆய்வு நோக்கும்

முன்னுரை

ஊரக மேம்பாட்டுக்கான விரிவாக்கப் பணி பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் திட்ட விளக்கங்களாகவோ சாதனைத் தொகுப்புகளாகவோ அமைந்துள்ளன. அப்பணியின் அடிப்படைச் சொற்களைத் தமிழ் இலக்கணத்தின் துணைகொண்டு சோதித்துப் பார்க்கும் முயற்சிகள் அரியவை. ஒரு துறையின் கலைச்சொற்கள் அத்துறை எதைக் காண விரும்புகிறது என்பதைக் காட்டுகின்றன. எதைக் காணாமல் கடந்து செல்கிறது என்பதையும் காட்டிக்கொடுக்கின்றன. தமிழக நெல் வேளாண்மையின் மூன்று கட்டங்களை முன்வைத்து, விரிவாக்க ஆய்வின் சொற்களையும் அச்சொற்களுக்குப் பின்னுள்ள வினாக்களையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அறுபதுகளின் தஞ்சை, எண்பதுகளின் பயிற்சி முறை, இந்நூற்றாண்டின் ஒற்றை நாற்று நடவு ஆகியன அக்கட்டங்கள்.

விரிவாக்கம் என்னும் சொல்

விரிவாக்கம் என்பது அமெரிக்காவிலிருந்து வந்த கருத்தாக்கம். 1862ஆம் ஆண்டின் மோரில் சட்டம் நிலக்கொடைக் கல்லூரிகளுக்கு வழிவகுத்தது. 1887ஆம் ஆண்டின் ஹேட்ச் சட்டம் ஆய்வுப் பண்ணைகளுக்கும், 1914ஆம் ஆண்டின் ஸ்மித்–லீவர் சட்டம் கூட்டுறவு விரிவாக்கப் பணிக்கும் அடித்தளமிட்டன. கல்வி, ஆராய்ச்சி, விரிவாக்கம் என்ற இம்மும்மையே விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவின் மாநில வேளாண் பல்கலைக்கழகங்களுக்கும் முன்மாதிரியாயிற்று. 1971இல் உருவான தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இவ்வழியில் வந்ததே.

இச்சொல்லை முதலில் மொழியியல் நோக்கில் விசாரணைக்கு உட்படுத்தியவர் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே. நாடு கடந்து சிலியில் வாழ்ந்தபோது, அந்நாட்டு நிலச் சீர்திருத்தப் பணியாளர்களை மனத்திற்கொண்டு அவர் எழுதிய சிறுநூல் 1969இல் வெளிவந்தது. விரித்தல் என்றால் ஒன்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லுதல். கொடுப்பவர் செயலுடையவர், பெறுபவர் செயலற்ற கொள்கலம். அறிவு இவ்வாறு கைமாறும் பொருளன்று, உரையாடலில் விளைவது. இதுவே அவரது வாதத்தின் சாரம்.

தமிழ்ச் சொல்லில் இச்சிக்கல் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 'விரிதல்' தன்வினை, 'விரித்தல்' பிறவினை. 'விரிவாக்கம்' என்னும்போது ஆக்குபவர் ஒருவர் மறைவாக நிற்கிறார். அவர் பல்கலைக்கழகத்தையோ அரசுத் துறையையோ சார்ந்தவர். உழவருக்கு இச்சொற்றொகுதி ஒதுக்கிய வினை 'ஏற்றல்' ஒன்றே. புதிய தொழில்நுட்பத்தின் 'ஏற்பு' என்பதே துறையின் தலையாய அளவுகோலாகவும் உள்ளது. ஏற்றல் என்பதற்குத் தமிழில் இரத்தல் என்ற பொருளும் உண்டு என்பதை ஆத்திசூடி பயின்ற எவரும் அறிவர். கலைச்சொல் ஆக்கியோர் இப்பொருளைக் கருதியிருக்கமாட்டார்கள். ஆயினும் கொடுப்போர், ஏற்போர் என்ற உறவு சொல்லுக்குள் குடிபுகுந்துவிட்டது.

பின்தங்கியோர் யார்?

விரிவாக்க ஆய்வின் மையக் கோட்பாடு புத்தாக்கப் பரவல். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய மக்காச்சோள விதை பரவிய விதத்தை ரையன், கிராஸ் இருவரும் ஆராய்ந்து 1943இல் வெளியிட்ட கட்டுரை இதன் முன்னோடி. எவரெட் ரோஜர்ஸ் 1962இல் வெளியிட்ட நூல் இதனை முழுமையான கோட்பாடாக்கியது. புதியதை ஏற்கும் காலத்தைக் கொண்டு அவர் மக்களை ஐந்து வகையாகப் பிரித்தார். முதலில் ஏற்கும் 2.5 விழுக்காட்டினர் ஒரு முனையில். இறுதியில் ஏற்கும் 16 விழுக்காட்டினர் மறுமுனையில். இவ்விறுதி வகையினர் தமிழில் பொதுவாகப் 'பின்தங்கியோர்' எனப்படுகின்றனர்.

இங்கேதான் தமிழ் தனக்கே உரிய ஒரு சான்றை முன்வைக்கிறது. 'பின்தங்கு' என்பது தன்வினை. ஓடியவர்களுள் ஒருவர் தாமே பின்தங்கினார். அதற்கு வேறொருவர் பொறுப்பில்லை. இருபதாம் நூற்றாண்டின் தமிழ் அரசியல் மொழியோ இதற்கு நேர்மாறான திசையில் நடந்தது. 'பிற்பட்டோர்' என்று வழங்கியது 'பிற்படுத்தப்பட்டோர்' ஆயிற்று. 'தாழ்ந்தோர்' என்பதை விலக்கித் 'தாழ்த்தப்பட்டோர்' என்பது நிலைத்தது. தன்வினையைப் பிறவினையாக்கி, அதனைச் செயப்பாட்டு வினையாக்கிய இம்மாற்றத்தில் ஒரு வரலாற்று வாதமே அடங்கியுள்ளது. இவர்கள் தாமாகப் பின்னே நின்றவர் அல்லர், பின்னே நிறுத்தப்பட்டவர். நிறுத்தியவர் யார் என்ற வினாவை அவ்விலக்கண வடிவம் ஒவ்வொரு முறையும் எழுப்புகிறது. பொதுவாழ்வின் தமிழ் அடைந்த இத்தெளிவை விரிவாக்கத் துறையின் தமிழ் அடையவில்லை.

ரோஜர்ஸுக்கு நியாயம் செய்யவேண்டும். 1976இல் எழுதிய கட்டுரையில் பழைய வளர்ச்சிக் கருத்தோட்டத்தின் ஆதிக்கம் முடிவுற்றதாக அவரே அறிவித்தார். தம் நூலின் 1983ஆம் ஆண்டுப் பதிப்பில், புதியது யாவும் நல்லதே என்னும் சாய்வையும், அமைப்பின் குறையைத் தனிமனிதர் மேல் ஏற்றும் சாய்வையும் வெளிப்படையாகக் கண்டித்தார். பின்வந்தோர் அவருடைய வளைகோட்டை எடுத்துக்கொண்ட ஆர்வத்துடன் அவருடைய தன்விமர்சனத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

தஞ்சை: வானொலி நெல்லும் வெண்மணியும்

1960இல் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தொடங்கியது. ஃபோர்டு அறக்கட்டளையின் துணையுடன் நாட்டில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. விதை, உரம், பயிர்ப்பாதுகாப்பு, கடன், அறிவுரை ஆகியவற்றை ஒருங்கே வழங்குவது அதன் முறை. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் குறுவைப் பட்டத்தில் விரைந்து பரவியது. திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பு அதற்குப் பெருந்துணையாயிற்று. உழவர்கள் அந்நெல்லின் எண்ணை விடுத்து 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர்.

இப்பெயர் இரண்டு உண்மைகளைச் சொல்கிறது. தாய்மொழியில், காதுக்கு எட்டும் வகையில், பருவத்துக்கு ஏற்பச் செய்தி வந்தால் தமிழக உழவர் புதியதைக் கண்டு தயங்குவதில்லை என்பது ஒன்று. மரபில் ஊறியவர் மாறமாட்டார் என்ற பழிச்சொல்லுக்கு ஆடுதுறை 27 தக்க மறுப்பு. பெறுபவர் என்று கருதப்பட்டவர் பெயரிடுபவராகவும் இருந்தார் என்பது மற்றொன்று. அறிவு எவ்வழியே தம்மிடம் வந்தது என்பதை நினைவிற்கொண்டு அவர்கள் பெயர் சூட்டினர்.

ஆனால் அதே மாவட்டத்தில், 1968 டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்கள் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பின்னணியில் இருந்தது கூலி உயர்வுக்கான போராட்டம். விரிவாக்கத் திட்டம் இக்கொடுமைக்குக் காரணம் என்பது மிகையான கூற்று. நிலவுடைமையும் சாதியும் திட்டத்துக்கு நெடுங்காலம் முன்பே அங்கு வேரூன்றியவை. எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்று கணக்கிட்ட ஆய்வின் கண்ணில், அம்மூட்டைகளை அறுத்தவரின் கூலி ஏன் படவில்லை?

அதனைக் கண்டவர்கள் துறைக்கு வெளியே இருந்தனர். அமெரிக்க அரசியல் அறிஞர் பிரான்சின் ஃபிராங்கல் 1971இல் வெளியிட்ட நூல் தஞ்சை உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களை ஆராய்ந்து, பசுமைப் புரட்சியின் பொருளாதார ஆதாயத்தோடு அதன் அரசியல் விலையையும் கணக்கிட்டது. வாய்மொழிக் குத்தகையில் பயிரிட்டவரிடம் நில ஆவணம் இல்லை. ஆவணம் இல்லாதவருக்குக் கடன் எளிதில்லை. கடன் இல்லாதவருக்கு உரம் எட்டாது. பரவல் கோட்பாட்டின் அட்டவணையில் அவர் பின்தங்கியவர். உண்மையில் அவர் பின்னே நிறுத்தப்பட்டவர். கிழக்குத் தஞ்சையின் நியாயக் கூலிச் சட்டமும், தமிழகக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் 1969இல் இயற்றப்பட்டமை இங்குக் கருதத்தக்கது. செயல்விளக்கத் திடலால் தீராத சிக்கல் சட்டமன்றத்துக்குச் செல்ல நேர்ந்தது.

இணையாக ஓடிய மற்றோர் ஆய்வு மரபு

தமிழகத்தில் ஊர்களை ஆராயும் வேறொரு மரபு விரிவாக்கத் துறைக்கு முன்பே தொடங்கியிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு நடத்திய ஊராய்வுகள் 1918இல் நூலாயின. தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, தஞ்சையின் பாலக்குறிச்சி முதலிய ஊர்கள் அதில் இடம்பெற்றன. 1930களில் அவ்வூர்கள் மீண்டும் ஆராயப்பட்டன; பின்னரும் பலமுறை ஆராயப்பட்டன. இருவேல்பட்டின் வரலாறு 2008 வரை தொடர்ந்து பதிவாகியுள்ளது. நிலவுடைமையாளரின் பிடி தளர்ந்தமை, பண்ணையாள் முறை மறைந்தமை, ஊருக்கு வெளியே வேலை தேடுதல் பெருகியமை ஆகியவற்றை ஒரே ஊரில் ஒரு நூற்றாண்டளவு பின்தொடரும் வாய்ப்பை இம்மரபு அளித்துள்ளது. உலக அளவிலும் இது அரியதொரு செல்வம்.

1977இல் பி. எச். ஃபார்மர் பதிப்பித்த நூல் வடஆர்க்காட்டையும் இலங்கையின் அம்பாந்தோட்டையையும் ஒருசேர ஆராய்ந்தது. அத்திட்டத்தில் பங்கேற்ற ராபர்ட் சேம்பர்ஸ் 1983இல் எழுதிய நூலில், ஆய்வாளரும் அலுவலரும் ஊரை எவ்வாறு காணத் தவறுகின்றனர் என்பதை வகைப்படுத்தினார். தார்ச்சாலை ஓரத்து ஊரையும், திட்டம் நடக்கும் ஊரையும், வெயில் காலத்து ஊரையும், வசதி படைத்த ஆண்களையும் கண்டு திரும்புவோர் ஊரைக் கண்டதாகக் கருதிக்கொள்கின்றனர் என்பது அவர் கண்டனம். புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து வினாநிரலோடு விடுமுறையில் வந்து செல்லும் தமிழ் ஆய்வாளருக்கும் இக்கண்டனம் பொருந்தும்.

விரிவாக்க ஆய்வும் ஊராய்வும் ஒரே மண்ணில், ஒரே காலத்தில் நடந்தும் ஒன்றையொன்று போதிய அளவு வாசிக்கவில்லை. முன்னது ஏற்பை அளந்தது, பின்னது உறவுகளை அளந்தது. இவ்விடைவெளியே தமிழக விரிவாக்க ஆய்வின் பெருங்குறை.

தொடர்பு விவசாயி முதல் திருந்திய நெல் வரை

எழுபதுகளில் டேனியல் பெனோர் வகுத்து உலக வங்கி பரப்பிய பயிற்சி–வருகை முறை எண்பதுகளில் தமிழகத்துக்கு வந்தது. கள அலுவலர் குறித்த நாளில், இரு வாரத்துக்கு ஒருமுறை, தேர்ந்தெடுத்த தொடர்பு விவசாயிகளைச் சந்திப்பார். அவர்கள் வழியே செய்தி பிறரைச் சென்றடையும். கால ஒழுங்கைக் கொண்டுவந்தது இம்முறையின் நற்பயன். ஆனால் ஊரில் செய்தி நீர்போல் பள்ளம் நோக்கி ஓடுவதில்லை. சாதியும் தெருவும் வரப்பும் அதைத் தடுக்கின்றன. நாற்று நட்டும் களை பறித்தும் வயலில் நின்ற பெண்கள் தொடர்பு விவசாயிகளாகக் கருதப்படுவது அரிதாயிற்று. டென்மார்க் அரசின் உதவியுடன் 1986இல் தொடங்கிய தமிழ்நாடு மகளிர் வேளாண் திட்டம் இக்குறையை நேரே எதிர்கொண்டது. பெண் அலுவலர்கள் ஊருக்கே சென்று பெண் உழவர்களுக்குப் பயிற்சி அளித்தனர். பயின்றவர் தம் அண்டை அயலாருக்குக் கற்பித்தனர். கற்பித்தல் என்னும் பிறவினை அங்கு உழவர் கைக்கு வந்தது.

ஒற்றை நாற்று நடவின் கதை இன்னும் பொருள் பொதிந்தது. மடகாஸ்கரில் ஆன்றி டி லொலானியே என்னும் பாதிரியார் உழவர்களோடு உழைத்து, எண்பதுகளின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. இளநாற்றை ஒற்றையாக, சதுர இடைவெளியில் நட்டு, நீரைத் தேக்காமல் காயவும் நனையவும் விட்டு, களைக்கருவியை உருட்டுவது அதன் செய்முறை. தமிழகம் இதனைத் 'திருந்திய நெல் சாகுபடி' என்றும் 'செம்மை நெல் சாகுபடி' என்றும் அழைத்தது. திருந்துதல், திருத்துதல் என்ற இணை தன்வினை, பிறவினைக்கு இலக்கண ஆசிரியர்கள் காட்டும் பழகிய எடுத்துக்காட்டு. நெல் சாகுபடி தானே திருந்தியதா, ஒருவர் திருத்தினாரா? வயலில் பிறந்த முறை, பரிந்துரைத் தொகுப்பாக மாறி, இலக்குகளோடும் மானியத்தோடும் வயலுக்கே திரும்பியபோது திருத்தியவர் மறைந்துபோனார்.

விளைச்சலும் நீர்ச் சிக்கனமும் விரிவாக அளக்கப்பட்டன. களை பறித்தல் பெண்களின் கையிலிருந்து கருவிக்கும், பல இடங்களில் கருவியை உருட்டும் ஆண்களுக்கும் மாறியது. சிலருக்கு அது முதுகொடியும் வேலையிலிருந்து விடுதலை. சிலருக்கு அது இழந்த கூலி. எவருக்கு எது என்பதை ஏற்பு விழுக்காடு சொல்லாது.

முடிவுரை

சொல்லை மாற்றினால் உறவு மாறிவிடும் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. 'பங்கேற்பு' என்ற சொல்லும் ஒரு காலத்தில் நம்பிக்கையோடு வந்தது; கோலப்பொடியால் தரையில் ஊர் வரைபடம் வரைந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பும் சடங்காகவும் அது பல இடங்களில் சுருங்கியது. அச்சொல்லுக்குள்ளும் 'ஏற்பு' ஒளிந்திருக்கிறது.

இலக்கணம் அளிப்பது ஒரு சோதனை முறை. விரிவாக்க ஆய்வேடு ஒன்று உழவரைப் பற்றி எழுதும் ஒவ்வொரு தன்வினை வாக்கியத்தையும் பிறவினையாக்கிப் பார்க்கலாம். ஏற்கவில்லை என்ற இடத்தில், ஏற்கவிடாமல் தடுத்தது எது என்று வினவலாம்: மடையின் கடைக்கோடியில் இருக்கும் வயலா, பதிவில்லாத குத்தகையா, பயிற்சிக்கு அழைக்கப்படாத தெருவா? அவ்வினாக்களுக்கான விடைகள் பலவும் ஊராய்வு மரபின் ஏடுகளில் உள்ளன. வேளாண் பல்கலைக்கழக மாணவர் ஸ்லேட்டரின் ஊர்களைப் படிப்பதும், ஊராய்வாளர் ஆடுதுறையின் விதைகளைப் படிப்பதும் ஒரே பாடத்திட்டத்தில் இடம்பெறுவது கடினமானதன்று. பின்தங்கியோர் என்ற சொல்லை நீக்குவதற்கு முன், பிற்படுத்தியது எது என்று எழுதுவதற்கு ஆய்வேட்டில் ஓர் இயல் ஒதுக்கப்படவேண்டும்.