சாய்ந்து வெயில் காயும் மஞ்சள்

மலையடிவாரத்துப் பொட்டிபுரத்தில் காலை ஒன்பது மணிக்கே வெயில் முதுகில் ஏறிவிடும். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, ஏலத்தோட்டத்து நிழலைக் கடந்து, மூணாறு பக்கத்து உச்சிப் புல்மேடுகளுக்குப் போய்விட்டால் அதே வெயிலுக்காக ஏங்கிக் கிடக்கும் ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சியைப் பார்க்கலாம். நீலகிரி க்ளவுடட் யெல்லோ என்பார்கள். கோலியாஸ் நீலகிரியென்சிஸ் என்று 1859இல் பெயரிட்டவர்கள் ஆஸ்திரியாவின் ஃபெல்டர்கள், தந்தையும் மகனும். நீலகிரி, பழனி, மூணாறு என்று நம் மலைகளின் தலைமாட்டில் மட்டுமே அதற்கு வாசம்.

பறக்கையில் மஞ்சளும் கறுப்புக் கரையும் ஒரு மின்னல், அவ்வளவுதான். உட்கார்ந்த பிறகுதான் விருந்தே. உட்கார்ந்ததும் சிறகை மூடிக்கொள்ளும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் விரிக்காது. கறுப்புக் கரை உள்ளே மறைந்துபோக, வெளியே பச்சை கலந்த இளமஞ்சள். பின்சிறகின் நடுவில் செம்பழுப்பு வளையமிட்ட வெள்ளிப்பொட்டு. ஓரம் நெடுக ரோஜா நிறத்தில் மெல்லிய மயிர்க்கரை. உணர்கொம்பிலும் அதே ரோஜா! பட்டுப்புடவைக்கு ரவிக்கை எடுக்கிறவர்கள்கூட இத்தனை பொருத்தம் பார்ப்பார்களா என்று தோன்றும்.

வேறு பல பட்டாம்பூச்சிகள் சிறகை விரித்துக் குளிர் காயும்போது இது மூடிய சிறகோடு ஒருபக்கமாகச் சாய்ந்து, பக்கவாட்டை வெயிலுக்கு நேரே பிடிக்கும். வடதுருவத்தை ஒட்டிய கிரீன்லாந்தின் தூந்திரா வெளியில் வாழும் கோலியாஸ் ஹெக்லாவும் இப்படியே சாயும். ஒரே குடும்பம், ஒரே பழக்கம். பறக்கும் தசை நன்றாக வேலை செய்ய உடம்பு ஏறத்தாழ 35 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். சிறகில் எங்கே வெயில் பட்டாலும் உடம்புக்குச் சூடு சேர்வது உடம்பை ஒட்டிய பகுதியிலிருந்துதான். அமெரிக்கக் கோலியாஸ்களை ஆராய்ந்து 1968இல் எழுதிய வார்ட் வாட், குளிர் கூடிய இடங்களில் அந்த அடிச்சிறகில் கறுப்புச் செதில்கள் கூடுவதைக் காட்டினார். அடுப்புக்கரித் தூளை ஊதிவிட்டாற்போன்ற அந்தக் கருமைதான் அதற்கு அடுப்பு.

கிரீன்லாந்தின் சாக்கன்பர்க்கில் 1996 முதல் 2013 வரை ஹெக்லாவின் சிறகுகளை அளந்தார்கள். கோடை சூடேறச் சூடேறச் சிறகு சிறுத்திருந்தது. அதைப் படித்த நாள் முதல் இங்கே ஒன்றைக் கண்டால் சிறகின் நீளத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

மேட்டில் மேகம் ஏறினால் புல்லுக்குள் இறங்கி அசையாமல் இருந்துவிடும். மேகம் விலகினாலும் உடனே பறக்காது. கால்களை ஊன்றி, மெல்ல மெல்ல, வெயில் பக்கமாக ஒரு சாய்வு.