டேட்டா எங்கே போச்சு? வீட்டு லினக்ஸின் அளவுகருவிகளை நிறுத்துப் பார்த்தல்

காவிரி டெல்டாவின் பல வீடுகளுக்கு லினக்ஸ் அரசு மடிக்கணினியோடு வந்தது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் தமிழக அரசு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. 2020 ஜனவரியில் விண்டோஸ் 7க்கான ஆதரவு நின்றது. அதன்பின் அந்தப் பழைய கணினிகளைப் பத்திரமாக ஓட்ட லினக்ஸை விட்டால் நல்ல வழி அதிகம் இல்லை.

ஃபைபர் எட்டாத ஊர்களில் இந்தக் கணினிக்கு இணையம் போனிலிருந்துதான் வருகிறது. தினம் 1.5 ஜிபி, தீர்ந்தால் வேகம் 64 கேபிபிஎஸ். அந்த வேகத்தில் பாடக் காணொளி ஓடாது, சிட்டா எடுக்கும் பக்கம் திறப்பதே பெரும்பாடு. பத்து மணிக்கே டேட்டா தீர்ந்துவிட்டால் வீட்டில் எழும் கேள்வி ஒன்றுதான்: யார் தின்றது? இதற்குப் பதில் சொல்வதாக லினக்ஸில் இலவசக் கருவிகள் நிறையவே இருக்கின்றன. பரிந்துரைப் பட்டியல்களும் நிறைய. ஆனால் அவை காட்டும் எண் எதன் எண் என்று யாரும் விசாரிப்பதில்லை. என் மதிப்பீடு அந்த விசாரணையில்தான் நிற்கிறது.

அளவைப் பற்றி டெல்டாக்காரருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேட்டூரில் வினாடிக்கு இத்தனை கனஅடி திறப்பு என்பது ஒரு செய்தி, அணையில் இத்தனை டி.எம்.சி. இருப்பு என்பது வேறு செய்தி என்று டீக்கடையில் பேப்பர் படிப்பவருக்கும் தெரியும். எங்கே அளக்கிறோம் என்பதும் தெரியும். 2018 பிப்ரவரி 16 அன்று காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி. பிலிகுண்டுலுவில் அளக்கப்பட வேண்டிய நீர். அளவிடத்தை நீக்கிவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. கணினியில் ஓடும் டேட்டாவுக்கும் இந்த இரண்டு கேள்விகளைத்தான் கேட்க வேண்டும்: வேகமா, மொத்தமா? எந்த இடத்து அளவு?

என்லோட், இஃப்டாப் இரண்டும் வேகம் காட்டுபவை. இஃப்டாப் எந்த முகவரியோடு பேச்சு நடக்கிறது என்பதையும் 2, 10, 40 வினாடிச் சராசரிகளோடு காட்டும். ஒரு காலத்தில் அது பெரிய தகவலாக இருந்திருக்கும். இன்று திரையில் வருவதெல்லாம் கூகுள், அமேசான், அகமாய் சேவையகங்களின் பெயர்கள். எத்தனையோ தளங்கள் அவற்றின் பின்னால் இருக்கும்போது அந்தப் பெயரை வைத்து வீட்டுக்காரர் என்ன முடிவுக்கு வர முடியும்? போதாக்குறைக்கு, பெயர் கண்டுபிடிப்பதற்கென்றே இஃப்டாப் தானாக டிஎன்எஸ் கேள்விகளை அனுப்புகிறது. அதைத் தனியாக நிறுத்த வேண்டும்.

விஎன்ஸ்டாட் மொத்தம் காட்டுவது. பாக்கெட்டுகளைப் பிடித்துப் பிரிக்காமல், லினக்ஸ் கெர்னல் ஏற்கெனவே எண்ணி வைத்திருப்பதை அவ்வப்போது எடுத்து எழுதிக்கொள்கிறது. அதனால் 2 ஜிபி ரேம் உள்ள கணினியிலும் அது ஓடுவதே தெரியாது. மணி, நாள், மாதம் என்று கணக்கு பிரித்துத் தரும். மாதக் கணக்கு எந்தத் தேதியில் தொடங்க வேண்டும் என்பதை ரீசார்ஜ் தேதிக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். வீட்டுக்கு ஒரே ஒரு கருவி என்றால் நான் கைகாட்டுவது இதைத்தான். ஆனாலும் இதன் குறைகள் சில்லறை அல்ல.

முதலாவது அலகு. அது இயல்பாகக் காட்டும் ஜிபி, 1024இன் அடுக்கில் கணக்கிடும் ஜிபி. ஆயிரத்தின் அடுக்கில் எண்ணினால் அதே டேட்டா ஏழு சதவீதத்துக்கும் மேல் கூடுதலாகத் தெரியும். தொலைத்தொடர்பு நிறுவனம் எந்த அலகில் எண்ணுகிறது என்று பார்த்து, தேவையானால் அமைப்புக் கோப்பில் அலகை மாற்றிக்கொள்ளாமல் அதனோடு சண்டைக்குப் போகக் கூடாது. இரண்டாவது, போனிலிருந்து வைஃபை வழியாகப் படங்களைக் கணினிக்கு மாற்றினால் அதுவும் அதே கணக்கில் ஏறிவிடும், ஒரு பைட்கூட வெளியிலிருந்து வராவிட்டாலும். மூன்றாவதுதான் இந்தப் பக்கத்து வீடுகளை நேராகத் தாக்குவது. யூஎஸ்பி கேபிளில் இணையம் எடுக்கும்போது பல ஆண்ட்ராய்டு போன்கள் ஒவ்வொரு முறையும் புது வன்பொருள் (மேக்) முகவரியோடு வருகின்றன. கணினி அதைப் புது இணைப்பாகப் பெயரிடுகிறது. புது இணைப்புகளைத் தானாகச் சேர்க்கும் வசதி விஎன்ஸ்டாட்டில் இயல்பாக அணைந்திருக்கிறது. விளைவு, நாள் முழுக்க ஓடிய டேட்டாவுக்குக் கணக்கே இருக்காது. எச்சரிக்கையும் வராது. கணக்குக் கருவி ஒன்று சத்தமில்லாமல் கணக்கை விட்டுவிடுவது மன்னிக்கத்தக்க குறை அல்ல.

யார் தின்றது என்ற கேள்விக்கு நேரான பதில் நெட்ஹாக்ஸிடம் இருக்கிறது. எந்த நிரல் எவ்வளவு இழுக்கிறது என்று வரிசை போட்டுக் காட்டும். உபுண்டுவில் நாம் எதையும் தொடாமலிருக்கும்போது ஸ்னாப்டி என்ற வரி மேலே ஏறி வருவதை இதில் கண்கூடாகப் பார்க்கலாம். அது நாளுக்கு நான்கு முறை புதுப்பிப்பு தேடிப் போகிறது. டெபியன் வகைகளில் புதுப்பிப்பு தேடுவது ஏபிடி. காலை டேட்டாவைத் தின்றது பல சமயம் பிள்ளைகள் அல்ல, இந்தப் புதுப்பிப்புகள்தான். வீட்டில் நடக்கும் வீண் சண்டையைத் தீர்ப்பதற்காகவே இந்தக் கருவியை நான் மதிக்கிறேன்.

ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். குரோமில் யூடியூப் காணொளி ஒன்றை ஓடவிட்டு, ஒரு பக்கம் என்லோட், மறு பக்கம் நெட்ஹாக்ஸ் திறந்து வையுங்கள். என்லோட்டில் மெகாபிட் கணக்கில் டேட்டா வந்துகொண்டிருக்கும். நெட்ஹாக்ஸில் குரோமின் வரி ஏறக்குறைய சும்மா கிடக்கும். யூடியூப் இப்போது குயிக் நெறிமுறையில், யுடிபி என்ற போக்குவரத்து முறை வழியாக வருகிறது. நெட்ஹாக்ஸ் இயல்பாக டிசிபி என்ற இன்னொரு முறையை மட்டுமே எண்ணும். புதிய பதிப்புகளில் கட்டளையோடு பெரிய எழுத்து 'சி' விருப்பத்தைச் சேர்த்தால் யுடிபியும் கணக்கில் வரும். இதைச் சொல்லாமல் நெட்ஹாக்ஸைப் பரிந்துரைப்பவர்கள், வீட்டின் பெரிய செலவையே கணக்கில் விட்டுவிடும் கருவியைக் கையில் கொடுக்கிறார்கள்.

வயர்ஷார்க்கைப் பற்றி என் கருத்து கடுமையானது. 1998இல் ஈத்தரியல் என்ற பெயரில் வந்து, 2006இல் பெயர் மாறிய அது, நெட்வொர்க் படிக்கும் மாணவருக்கு ஈடில்லாத ஆசான். வீட்டு டேட்டாக் கணக்குக்கு அது வேண்டாம். பழைய கணினியின் நினைவகத்தை நிரப்பிவிடும் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம் வேறு. உள்ளடக்கம் மறையாக்கத்தில் மறைந்திருந்தாலும், யார் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்பது அதில் பெரும்பாலும் தெரிந்துவிடும். அண்ணனும் தங்கையும் பங்கிட்டுக்கொள்ளும் கணினியில், டேட்டா கணக்குப் பார்ப்பதாகச் சொல்லி ஒருவர் இன்னொருவரின் தேடலைத் துழாவுவதற்கு அது வழி திறக்கிறது. எத்தனை எம்பி என்று தெரிந்துகொள்ள அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. விஎன்ஸ்டாட்டுக்கு அளவு மட்டுமே தெரியும் என்பதை அதனால்தான் நான் தகுதியாகவே எண்ணுகிறேன். ஓப்பன்ஸ்னிட்ச் வேறு வகை. புது இணைப்பு ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்கும். அது காவல் வேலை, கணக்கு வேலை அல்ல.

இனி அளவிடம். கணினிக்குள் ஓடும் எந்தக் கருவியும் அந்தக் கணினியின் டேட்டாவை மட்டுமே காணும். அதே ஹாட்ஸ்பாட்டில் தொங்கும் டிவியும் மற்ற போன்களும் அதன் கண்ணில் படாது. நிறுவனம் கழிக்கும் அளவுக்குக் கிட்டத்தில் இருப்பது போன். ஹாட்ஸ்பாட்டுக்குப் போன டேட்டாவை ஆண்ட்ராய்டின் டேட்டா பயன்பாட்டுப் பக்கமே தனியாகக் காட்டுகிறது. ஃபைபர் வீடுகளில் அந்த இடம் ரவுட்டர்.

ஆகவே என் தீர்ப்பு: மொத்தத்துக்குப் போன் காட்டும் அளவை நம்புங்கள். அதில் கணினியின் பங்கைப் பிரிக்க, புது இணைப்புகளைச் சேர்க்கும் வசதியை இயக்கிய விஎன்ஸ்டாட். சந்தேகம் வந்த அன்று மட்டும், யுடிபியையும் சேர்த்துக்கொண்டு நெட்ஹாக்ஸ். குற்றவாளி புதுப்பிப்பு என்று தெரிந்ததும் நெட்வொர்க் அமைப்பில் அந்த ஹாட்ஸ்பாட்டை அளவுள்ள (metered) இணைப்பு என்று குறித்துவிடுங்கள். உபுண்டுவில் அது மட்டும் போதாது. அளவுள்ள இணைப்பில் புதுப்பிப்பை நிறுத்திவைக்கும்படி ஸ்னாப்டிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.