அளப்பது ஓட்டமா, உயரமா?

“செயற்கைக்கோள் கடல் நீரோட்டத்தை அளக்கின்றது” என்னும் தொடர் எளிது. ஆயின் முற்றும் உண்மை அன்று. கோள் அளப்பது கடற்பரப்பின் உயரமே. 2013 பிப்ரவரி 25ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய-பிரெஞ்சுக் கோளாகிய ‘சரல்’, ரேடார் அலை கடலைத் தொட்டு மீளும் நேரத்தைக் கணித்தது. அதனால் கடலின் மேடும் பள்ளமும் புலப்பட்டன. மேட்டு நீர் நேரே பள்ளத்துக்குப் பாய்வதில்லை. புவிச் சுழற்சி அதனைத் திருப்புதலால், வடகோளத்தில் நீர் மேட்டினை வலப்புறம் வைத்துச் செல்லும். தென்மேற்குப் பருவத்தில் இலங்கைக்குக் கிழக்கே தோன்றும் பெருஞ்சுழி இக்கணக்கில் ஒரு பள்ளமாகத் தெரியும். ஆக, ஓட்டம் அளந்து கண்டதன்று, உய்த்துணர்ந்தது.

இவ்வேறுபாடு பெக்கான் நானாஸ் மாணவனுக்கு மிகவும் வேண்டுவது. அவ்வூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பாகையே வடக்கில் உள்ளது. அங்கே புவிச் சுழற்சியின் திருப்பு விசை மிகச் சிறிது. அருகிலுள்ள மலாக்கா நீரிணையோ ஆழமற்றது, ஒடுங்கியது. ஏற்றவற்ற ஓட்டமே அங்கு ஓங்கும். கரையின் எதிரொலியும் ரேடார் அலையில் கலக்கும். வங்கக் கடலுக்குப் பொருந்திய கணக்கைத் தன் ஊர்க் கடலுக்கு அப்படியே கொண்டால் அவன் பிழைபடுவான். ஆதலின் ஆசிரியர், “உயரத்தை அளந்து ஓட்டத்தை உய்த்துணர்கின்றோம்” என்றே கற்பித்தல் வேண்டும். அப்போதுதான் அக்கணக்கை எங்கே நம்பலாம், எங்கே நம்பலாகாது என்பதை மாணவன் அறிவான்.