பௌஹாஸ் எழுத்துருவின் புறக்கோட்டு வடிவம்: ஒரு மதிப்பீடு

பன்னாட்டு எழுத்துருக் கழகம் (ஐ.டி.சி.) 1975இல் வெளியிட்ட 'பௌஹாஸ்' எழுத்துரு, வட்டத்தையும் நேர்கோட்டையும் அடிப்படையாகக் கொண்டது. எட் பெங்கியாட், விக்டர் கருசோ ஆகியோர் உருவாக்கிய இவ்வரிசையில், உட்பகுதி வெறுமையாக அமைய விளிம்பு மட்டும் வரையப்பட்ட புறக்கோட்டு வடிவமும் உண்டு. இதன் மூலக்கருத்துக்கு இவ்வடிவம் எந்த அளவு பொருந்துகின்றது என்பதே இவண் ஆராயப்படுகின்றது.

மூலம் ஹெர்பர்ட் பேயர் 1925இல் வரைந்த 'யுனிவர்சல்' எழுத்து வரிசையாகும். அப்போது அவர் ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரிலிருந்த பௌஹாஸ் கலைப்பள்ளியில் அச்சுப் பட்டறைக்குப் பொறுப்பேற்றிருந்தார். ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொற்கள் யாவும் பெரிய எழுத்தில் தொடங்குவன. ஒலி ஒன்றாயிருக்க வடிவம் இரண்டு எதற்கு என்று வினவிய பேயர், பெரிய எழுத்துகளை அறவே நீக்கினார். அனைவர்க்கும் எளிய எழுத்து என்பதே அவர் நோக்கம்.

அவருடைய திட்டத்தில் இரு கொள்கைகள் கலந்துள்ளன. ஒன்று, ஓர் ஒலிக்கு ஒரு வடிவம் என்பது. மற்றொன்று, வடிவங்கள் அனைத்தும் வட்டத்திலிருந்து பிறக்க வேண்டும் என்பது. முன்னது ஏற்புடையதே. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே இல்லாத தமிழ் நெடுங்கணக்கைப் பயில்வோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பின்னதோ இடர்ப்பாடு உடையது. வட்டமும் கோடுமே எஞ்சும்போது பி, டி, பீ, க்யூ என்னும் நான்கும் ஒரே வடிவத்தின் திருப்பங்களாகிவிடுகின்றன. எழுத்துகளைப் பிரித்தறியக் கண் நாடும் வேறுபாடு குறைய, நெடிய பனுவலைப் படிப்பது கடினமாகின்றது.

1975ஆம் ஆண்டு வடிவம் முன்னதைக் கைவிட்டுப் பின்னதை வைத்துக்கொண்டது. பெரிய எழுத்துகள் மீண்டும் சேர்க்கப்பட்டன. புறக்கோட்டு வடிவம் இன்னும் ஒருபடி அப்பால் செல்கின்றது. ஒவ்வொரு எழுத்துக்கோடும் இரு மெல்லிய கோடுகளாகப் பிரிவதால், அவற்றிடையே இடம் விட மிகத் தடித்த எழுத்தே தேவைப்படுகின்றது. சிறிய அளவில் அச்சிட்டால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி எழுத்து மங்கும். எனவே தலைப்பு, சுவரொட்டி, மேலட்டை ஆகியவற்றிற்கே இது உரியது.

இதனைக் குறையென்று கூறுதல் பொருந்தாது. சில சொற்களே இடம்பெறும் தலைப்பில் வடிவ ஒப்புமை இடையூறாவதில்லை. மாறாக, அதுவே ஒழுங்கமைந்த அழகாகின்றது. பின்னணி வண்ணம் எழுத்தினுள்ளும் நிறைவதால் எழுத்தும் படமும் இயைகின்றன. படிப்பதற்கெனத் தோன்றிப் படிப்பிற்கு முற்றும் உதவாத வடிவம், பார்ப்பதற்கென மாறியபோது தனக்குரிய இடத்தை அடைந்தது எனலாம்.

ஆயினும் பெயர் பற்றிய மறுப்பு எஞ்சுகின்றது. 'பௌஹாஸ்' என்னும் பெயரைத் தாங்கிய இவ்வெழுத்துருவைக் காண்போர், அப்பள்ளியின் கொள்கையே அலங்காரம்தான் எனக் கருத இடமுண்டு. சிக்கனத்தையும் பொதுமையையும் நாடிய ஒரு சிந்தனையின் விளிம்பு மட்டுமே இங்கு எஞ்சியுள்ளது. எழுத்துருவின் பயனை ஏற்கும் ஆய்வாளர், அதன் பெயரை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளாதிருத்தல் வேண்டும்.