பிரான்சின் ரிவர்சின் திருப்புமுனை நாவல்

அமெரிக்க நாவலாசிரியை பிரான்சின் ரிவர்ஸ் 1976 தொடங்கிப் பத்தாண்டுக் காலம் பொழுதுபோக்குக் காதல் நாவல்களை எழுதிப் புகழ் பெற்றவர். 1986இல் கிறித்துவ நம்பிக்கையை ஏற்றபின் அவருடைய எழுதுகோல் சில ஆண்டுகள் ஓய்ந்து கிடந்தது. மீண்டும் எழுந்தபோது பிறந்தது ‘ரிடீமிங் லவ்’ (1991). தம் பழைய நூல்களை அவரே இன்று எவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

விவிலியத்தின் ஓசேயா வரலாறே இந்நாவலின் கரு. களம் 1850களின் கலிபோர்னியப் பொன்வேட்டை. சிறுமியாக இருக்கும்போதே விலைமகளாக விற்கப்பட்ட ஏஞ்சலை மைக்கேல் ஓசேயா என்னும் உழவன் மணக்கிறான். அவளோ அடிபட்டு, நினைவு தடுமாறும் நிலையில்தான் இசைகிறாள்! அதனை இசைவு என்று கொள்ளலாமா? ஆசிரியை இவ்வினாவிடம் நில்லாது விரைந்துவிடுகிறார்; இது பெருங்குறையே. மைக்கேலும் மனிதனாக வளராமல் பெரிதும் இலட்சிய உருவமாகவே நிற்கிறான்.

நாவலுக்கு உயிர் தருபவள் ஏஞ்சல்தான். அவள் மீண்டும் மீண்டும் அவனை விட்டு ஓடுகிறாள். இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில், கணவன் அருகில் இல்லாதபோதே தனக்குரிய நம்பிக்கையைக் கண்டடைகிறாள்; தன்னைப் போன்ற பெண்களுக்கும் வாழ வழி அமைக்கிறாள். ஆண்டுகள் சில கழித்துத் திரும்பும்போது அவளை எவரும் தூக்கி வரவில்லை. தன் காலால் நடந்து வருகிறாள். சாரா என்னும் தன் இயற்பெயரைக் கணவனிடம் அப்போதுதான் சொல்கிறாள்.