முத்திரையும் கைவினைஞரும்: பழைய வெள்ளிப்பொருள்களின் காலக்கணிப்பு முறை – ஒரு மதிப்பீடு

முன்னுரை

பழைய வெள்ளிப்பொருளின் அடியில் பொறிக்கப்பட்ட முத்திரையைக் கொண்டு அதைச் செய்தவரையும் செய்த ஆண்டையும் அறியும் முறை இங்கிலாந்தில் வளர்ந்தது. காலனிய இந்திய வெள்ளிக்கும் அம்முறை கையாளப்படுகிறது. தமிழக வெள்ளிக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பதையும், வாலிநோக்கம் போன்ற இராமநாதபுரக் கடற்கரை ஊர்களில் வழங்கும் முத்திரையற்ற அணிகலன்களை ஆராய வேறு எவ்வகைச் சான்றுகள் வேண்டும் என்பதையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

இங்கிலாந்து முறையின் அடிப்படை

1300ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளியின் தரத்துக்குச் சிறுத்தைத்தலை முத்திரையை விதித்தது. 1363இல் செய்தவர் முத்திரையும், 1478இல் ஆண்டெழுத்தும், 1544இல் சிங்க முத்திரையும் சேர்ந்தன. இலண்டனில் இருபது எழுத்துகள் ஆண்டுக்கு ஒன்றாகச் சுழன்றன; ஒவ்வொரு சுற்றிலும் எழுத்தின் வடிவமோ அதைச் சூழ்ந்த கட்டத்தின் வடிவமோ மாறியது. 1784 முதல் 1890 வரை வரி செலுத்தியதற்கு அடையாளமாக அரசர் தலையும் பதிக்கப்பட்டது. செய்தவர் அல்லாத வேறோர் அமைப்பு சோதித்துப் பதித்ததே இம்முத்திரைகளின் நம்பகத்தன்மைக்குக் காரணம்.

சென்னை வெள்ளியும் முத்திரையும்

காலனிய இந்தியாவில் இத்தகைய சோதனை அலுவலகம் இயங்கவில்லை. எனவே இங்குள்ள முத்திரை நிறுவனம் தன்னைப் பற்றித் தானே தரும் கூற்றாகும். சென்னையில் 1849இல் பீட்டர் ஆர் தொடங்கிய வணிகம் 'பி. ஆர் அண்ட் சன்ஸ்' எனப் புகழ்பெற்றது. அந்நிறுவனப் பெயர் கொண்ட பொருள் 1849க்கு முற்பட்டதாக இருக்க இயலாது. ஆயினும் நிறுவனம் நெடுங்காலம் இயங்கியதாலும் ஆண்டெழுத்து இல்லாததாலும் காலத்தின் மேல்எல்லையை முத்திரை தருவதில்லை. பரிசுக் கோப்பையில் வெட்டப்பட்ட ஆண்டும் முடிவான சான்றன்று. கோப்பை முன்னரே செய்யப்பட்டிருக்கலாம், எழுத்து பின்னர் வெட்டப்பட்டிருக்கலாம்.

வினியார்ட் வில்கின்சன் 1987இல் வெளியிட்ட பதிவேடு 1760 முதல் 1860 வரை இந்தியாவில் தொழில் நடத்திய ஐரோப்பியப் பொற்கொல்லர், வெள்ளி வினைஞர், கடிகாரக்காரர் ஆகியோரைத் தொகுக்கிறது. நிறுவனங்களை அடையாளம் காண அது இன்றியமையாத கருவி. எனினும் அதன் எல்லை 'ஐரோப்பியர்' என்பதாகும். சென்னையின் 'சுவாமி' வேலைப்பாட்டில் தெய்வ உருவங்களைத் தகட்டில் தட்டி எழுப்பியவர் உள்ளூர்க் கம்மாளர். அவர் பெயர் முத்திரையில் இல்லை. பதிவேட்டிலும் இடம்பெற வழியில்லை. அதனை மட்டும் கைக்கொள்ளும் ஆய்வாளர் விற்றவரைச் செய்தவராகக் கொள்ளும் பிழைக்கு ஆளாவார்.

பொருளுக்கு வெளியே உள்ள சான்று

தமிழக மரபில் கலத்தின் மதிப்புக்குரிய சான்று கலத்தின் மீதன்றிக் கணக்கில் வைக்கப்பட்டது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு முதலாம் இராசராசன் அளித்த பொற்கலங்கள் 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுக்கப்பட்டு, அவற்றின் எடை கல்வெட்டில் பதிவாயிற்று. நிறைகல்லின் பெயரே அங்கு உறுதிமொழியாக நின்றது. இங்கிலாந்தில் முத்திரை பொருளோடு செல்கிறது. இங்கே பொருள் மறைந்தபின்னும் பதிவு நிற்கிறது. ஆகவே முத்திரையின்மையைத் தரமின்மையாகவோ காலமறிய இயலாமையாகவோ கொள்வது பொருந்தாது.

கடற்கரை ஊர்களின் தண்டை, கொலுசு, அரைஞாண் ஆகியவற்றை ஆராய்வோர் எடை, பற்றவைப்பு முறை, திருகாணி அமைப்பு, தேய்மானம், குடும்ப வழிச்செய்தி, அடகு மற்றும் சீர்வரிசைக் கணக்கு ஆகியவற்றை ஒருங்கே பதிவு செய்தல் வேண்டும். எக்ஸ்-கதிர் ஒளிர்வுப் பகுப்பாய்வு உலோகக் கலவையைக் காட்டும். அது தனித்து ஆண்டைத் தராது. பழைய வெள்ளி மீண்டும் உருக்கப்படுவதால் கலவையும் குழம்பும்.

முடிவுரை

முத்திரை ஒரு சாட்சி. அது எதற்குச் சாட்சி என்பதை முதலில் வரையறுத்தல் வேண்டும். இங்கிலாந்தில் அது தரத்துக்கும் ஆண்டுக்கும் சாட்சி. சென்னையில் நிறுவனத்துக்கு மட்டுமே சாட்சி. முத்திரையற்ற கடற்கரை வெள்ளிக்கோ பொருளின் உடலும் அதைப் பற்றிய கணக்குமே சாட்சிகள். பழைய வெள்ளியைக் கொடுத்துப் புதியது வாங்கும் வழக்கத்தில் அப்பொருள்கள் எடைக்கு உருக்கப்படுகின்றன. உருகும் ஒவ்வொரு தண்டையுடனும் பெயர் பொறிக்காத ஒரு தட்டாரின் கைவேலை அழிகிறது. உருகுமுன் பதிவு செய்தலே இத்துறையின் முதற்பணி.